ஓடும் ரயிலில் ஓட்டுக் கணக்கு

தேர்தலுக்கு நிற்கிறவர்களுக்குத்தான் ஓட்டு எண்ணும் நாளுக்கு முந்திய இரவில் தூக்கம் வராது என்று நாம் நெடுநாளாக எண்ணியிருந்தோம். 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 8-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்றுப் பின் விஜயவாடாவில் ரயிலேறியபோது அந்த எண்ணம் தவறு என்று தெரிந்தது. நம்முடன் ஏறி மேல் பலகையில் படுத்திருந்த வாலிபர் இரண்டு மணிக்கும், மூன்று மணிக்கும், மறுபடி நாலு மணிக்கும் கைப்பேசியை எடுத்து நேரம் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதன் வெளிச்சம் நேரே நம்முடைய கண்ணில் விழுந்தது.

"தம்பி, இறங்குகிற ஸ்டேஷன் தவறிவிடும் என்று பயமா?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் இல்லை, ஸார். எட்டு மணிக்கு எண்ண ஆரம்பிக்கிறார்கள்."

"எதை?"

"எங்கள் ஊர் ஓட்டை!"

குடியாத்தத்துப் பிள்ளை. ஐந்தாம் தேதி ஓட்டுப் போட்டுவிட்டு, உத்தியோக விஷயமாக விஜயவாடா சென்று திரும்புகிறவர். நாமோ ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அமிர்திக்குப் போய்க்கொண்டிருந்தோம். நம்முடைய அத்தான் வனத்துறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, அங்கேயே குடியிருக்கிறார். மறுநாள் வரலக்ஷ்மி விரதம். நோன்பு நாளில் வீட்டில் தங்காமல் ஊர் சுற்றுவதைப் பற்றி நம் வீட்டில் சொன்னவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை.

பொழுது விடிந்ததும் சக பிரயாணிகளின் முகங்கள் தெரிந்தன. எதிரே ஆம்பூர்த் தோல் வியாபாரி ஒருவர். பக்ரீத் பண்டிகைக்கு வீடு திரும்புகிறவர். பக்கத்துப் பலகையில் வேலூரைச் சேர்ந்த ஓய்வு பெற்ற உபாத்தியாயர். ஊருக்குப் போகும் மலையாள தேசத்து நர்ஸ் ஒருத்தி. ஜன்னலோரத்தில் ஒரு தாய், அவள் கணவன், அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த எட்டு வயதுப் பையன். அவர்கள் ஜார்க்கண்டிலிருந்து இரண்டு வண்டி மாறி வந்தவர்கள். பையனை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அந்தத் தாய்க்குத் தமிழில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். வண்டி எங்கே நின்றாலும் நம்மைப் பார்த்து, "காட்பாடி?" என்று கேட்பாள். தோல் வியாபாரி, "இன்னும் இல்லை, அம்மா" என்று இந்தியில் சொல்வார். அவள் தலையசைத்து மறுபடி பையனின் நெற்றியைத் தடவுவாள்.

பாக்கி நின்ற ஒரு தொகுதி

வேலூரின் கதை வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த வருஷம் ஏப்ரல் 18-ஆம் தேதி தமிழ்நாட்டின் மற்ற 38 தொகுதிகளும் லோக்சபைக்கு ஓட்டுப் போட்டன. வேலூர் மட்டும் போடவில்லை. அங்கே சுமார் 11 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டதைத் தொடர்ந்து, தேர்தல் கமிஷனின் சிபாரிசின் பேரில் ராஷ்டிரபதி ஏப்ரல் 16-ஆம் தேதி அந்தத் தேர்தலையே ரத்து செய்துவிட்டார். பணப் புழக்கத்துக்காக ஒரு லோக்சபைத் தேர்தல் ரத்தானது அதுவே முதல் தடவை. மே 23-ஆம் தேதி தேசமெங்கும் ஓட்டு எண்ணினார்கள். 543 இடங்களில் 542-க்கு முடிவு வந்தது. கல்யாணப் பந்தியில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு ஓர் இலையை மட்டும் மறந்தது போல வேலூர் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் ஆகஸ்டு 5-ஆம் தேதி ஓட்டுப் பதிவு நடந்தது. அன்றைக்கு வேலூருக்கு மறுபடியும் அதிர்ஷ்டம் இல்லை. அன்று காலையில்தான் ராஜ்ய சபையில் உள்துறை மந்திரி, காஷ்மீர் சம்பந்தமான 370-ஆவது பிரிவைப் பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தேசத்தின் கண்ணும் காதும் டில்லிக்குத் திரும்பிவிட்டன. வேலூர் ஜனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதை அந்த ஊராரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. அப்படியும் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் போட்டார்கள்.

"நாலு மாதம் காத்திருந்தோம், ஸார். யாருக்காவது ஞாபகம் இருந்ததா?" என்றார் குடியாத்தத்து வாலிபர்.

களத்தில் பலர் இருந்தாலும் போட்டி இரண்டு பேருக்குத்தான். ஒருவர் தி.மு.க.வின் கதிர் ஆனந்த், மற்றவர் அ.தி.மு.க. கூட்டணி சார்பில் இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற ஏ. சி. சண்முகம். நம்முடைய வாலிபர் சண்முகத்தின் பக்கம். உபாத்தியாயர் அடுத்த பக்கம். தோல் வியாபாரி எந்தப் பக்கம் என்று கேட்டோம். "வியாபாரி, ஐயா. எல்லாரும் செருப்புப் போடுகிறார்கள்" என்று சிரித்துவிட்டார்.

முந்திய குரலும் பிந்திய குரலும்

கூடூரைத் தாண்டும்போது மணி எட்டு. பெட்டி முழுவதும் கைப்பேசிகள் கண் விழித்தன. அப்போது நாம் கண்ட வேடிக்கையைச் சொல்ல வேண்டும்.

முதலில் நாலாவது தடுப்பிலிருந்து, "ஆஹா!" என்று ஒரு சத்தம் கேட்டது. பத்து விநாடி கழித்து இரண்டாவது தடுப்பிலிருந்து அதே சத்தம். இன்னும் பத்து விநாடி சென்று நம் வாலிபர், "ஆஹா!" என்றார். உபாத்தியாயரின் கைப்பேசி மட்டும் இன்னும் தபால் ஓட்டுகளை எண்ணப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாம் 'நேரடி ஒளிபரப்பு' தான். ஆனால் ஒவ்வொருவருடைய 'இப்பொழுது'ம் வேறு வேறாயிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. வானொலி நிலையத்தில் ஒருவர் பேசும் குரல் அலைகளில் ஏறி, கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன்பே நம் காதுக்கு வந்துவிடுகிறது. கைப்பேசியில் வரும் படமும் குரலும் அப்படி வருவதில்லை. அவற்றைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கிக் கட்டுக் கட்டாக அனுப்புகிறார்கள். சில கட்டுகள் சேர்ந்த பிறகுதான் கருவி அவிழ்த்துக் காட்டும். அதனால் நாம் பார்க்கும் 'இந்த நிமிஷம்' சில சமயம் அரை நிமிஷம் பழையதாயிருக்கிறது. ரயிலிலோ சங்கடம் இரட்டிப்பு. இரும்புப் பெட்டிக்குள் அலைகள் நலிந்து நுழைகின்றன. வண்டி ஓட ஓட, கைப்பேசி ஒரு கோபுரத்தை விட்டு அடுத்த கோபுரத்தைப் பிடிக்க வேண்டும். குறுக்கே ஒரு குன்று நின்றால் பிடி நழுவிவிடும்.

வானொலி மட்டும் இருந்த காலத்தில் இந்த வித்தியாசம் கிடையாது. 1930-ஆம் வருஷம் சென்னை நகரசபை ஒலிபரப்பு நடத்தத் தொடங்கிய பிறகு, கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கியின் கீழ் நின்றவர்கள் எல்லாரும் ஒரே சொல்லை ஒரே கணத்தில் கேட்டார்கள். 1938-இல் சென்னையில் அகில இந்திய ரேடியோ நிலையம் ஏற்பட்ட பின், ரேடியோப் பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியது. இன்று எல்லாரிடமும் பெட்டி இருக்கிறது. திண்ணைதான் இல்லை. ஆனால் ரயில் பெட்டி அன்று நமக்கு ஒரு திண்ணையாயிற்று.

முதற் சுற்றுகளில் சண்முகம் முன்னிலை. ரேணிகுண்டாவில் வண்டி நின்றதும் வாலிபர் குதித்து ஓடி, ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கி வந்து எல்லோருக்கும் நீட்டினார். நர்ஸ் எடுத்துக்கொண்டாள். ஜார்க்கண்டுப் பையன் எழுந்து உட்கார்ந்து எடுத்துக்கொண்டான். உபாத்தியாயர் மட்டும் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"தம்பி, முன்னிலை வேறு, முடிவு வேறு" என்றார். "நான் முப்பது வருஷம் தேர்தல் வேலை பார்த்தவன். முதலில் தபால் ஓட்டை எண்ணுவார்கள். அரை மணி கழித்து இயந்திரங்கள் வரும். ஆறு சட்டசபைத் தொகுதிக்கும் தனித்தனி மேஜைகள். வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தியனான்குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் என்று ஒவ்வோர் இடத்துக் கணக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். முதலில் எந்த ஊர் இயந்திரம் மேஜைக்கு வருகிறதோ, அந்த ஊர்க் காற்றுத்தான் டெலிவிஷனில் அடிக்கும். எல்லாம் எண்ணி முடித்தாலும் விஷயம் முடிந்துவிடாது. சட்டசபைத் தொகுதிக்கு ஐந்து சாவடி வீதம் சீட்டுப் போட்டு எடுத்து, இயந்திரம் சொன்ன கணக்கையும் காகிதச் சீட்டுகளையும் ஒத்துப் பார்க்க வேண்டும்."

"அதற்குள் பால்கோவா கெட்டுவிடும், ஸார்!" என்றார் வாலிபர்.

உபாத்தியாயர் சிரித்துவிட்டு ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் தாம் மலையேறிய கதையைச் சொன்னார். அணைக்கட்டுத் தொகுதியில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மூன்று பஞ்சாயத்துகள் ஜவ்வாது மலைமேல் இருக்கின்றன. முன்னொரு தேர்தலில் அந்த மலையில் ஒரு சாவடிக்கு அவரை நியமித்தார்கள். ஜீப் போகிற மட்டும் ஜீப்பில் போய், அதற்கு மேல் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு நடந்தார்களாம். ஓட்டர் யாரும் ஓட்டுப் போட இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாகாது என்பது தேர்தல் கமிஷனின் நியதி. அதனால் இயந்திரந்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். "சாயங்காலம் இறங்கும்போது ஒரு கிழவி கேட்டாள், 'எங்கள் ஓட்டுக் கீழே போய்ச் சேருமா, ஸாமி?' என்று. சேரும் என்று சொன்னேன். அன்றிரவு அந்த இயந்திரத்தை ஒப்படைக்கிற வரையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை" என்றார்.

ஒற்றைப் பாதை

திருப்பதியில் மொட்டைத் தலைகளுடன் ஒரு குடும்பம் ஏறிற்று. திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி வரையில் ஒற்றைப் பாதை. 104 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையை இரட்டையாக்க 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில்தான் மத்திய மந்திரி சபை அனுமதி கொடுத்தது. நாம் பிரயாணம் செய்த அன்று, எதிர்வண்டிக்கு வழி விடுவதற்காகப் பாகாலாவுக்கு அப்பால் ஒரு சிறிய ஸ்டேஷனில் நம் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார்கள். சுற்றிலும் குன்றுகள்; புளிய மரங்கள். ஒரு கைப்பேசியிலும் உயிர் இல்லை.

கடைசியாக வந்த செய்தி, இடைவெளி குறைகிறது என்பது. அத்துடன் ஒளிபரப்பு நின்றுவிட்டது.

பெட்டியில் திடீரென்று நிசப்தம் உண்டாயிற்று. வாலிபர் கதவருகே சென்று கைப்பேசியை ஆகாயத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தார். பயன் இல்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஆயிற்று. பிறகு ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். வியாபாரி தம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். மொட்டைத் தலைக் குடும்பத்து அம்மாள் எல்லோருக்கும் லட்டுப் பிரசாதம் கொடுத்தாள். நர்ஸ் அந்தப் பையனின் நாடியைப் பிடித்துப் பார்த்து, அவன் தாய்க்குச் சைகையால் தைரியம் சொன்னாள்.

நமக்கு அன்றைய தேதி நினைவுக்கு வந்தது. ஆகஸ்டு 9.

1942-ஆம் வருஷம் இதே தேதியில், விடியுமுன் பம்பாயில் காந்திஜியையும் காங்கிரஸ் காரியக் கமிட்டித் தலைவர்களையும் கைது செய்து ரயிலில் ஏற்றினார்கள். முந்திய இரவுதான் கோவாலியாக் குளம் மைதானத்தில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியிருந்தது. மகாத்மாவைச் சிஞ்ச்வடில் இறக்கிப் பூனாவில் ஆகாகான் மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். நேரு முதலியவர்களை ஆமதுநகர்க் கோட்டையில் அடைத்தார்கள். பத்திரிகைகளின் வாயைக் கட்டினார்கள். ரேடியோ சர்க்காரின் கையில் இருந்தது. தலைவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே தேசத்துக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில் பம்பாயிலிருந்து சென்னைக்குத் திரும்பிய ரயில் ஒன்றில் காமராஜர் இருந்தார். சென்னையில் போலீசார் காத்திருப்பார்கள் என்று அறிந்து, அவர் அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார். அங்கிருந்து ராணிப்பேட்டைக்குச் சென்று காங்கிரஸ் நண்பர் வீட்டில் தங்கினார். பிறகு ஜில்லா ஜில்லாவாகச் சென்று தீர்மானத்தின் செய்தியை ஊழியர்களின் காதில் போட்டார். அந்த வேலை முடிந்ததும் விருதுநகரில், தாம் வந்திருப்பதாகத் தாமே போலீசாருக்குச் சொல்லியனுப்பிக் கைதானார். அதே மாதம் 27-ஆம் தேதி பம்பாயில் உஷா மேத்தா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் அவருடைய தோழர்களும் ரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோவைத் தொடங்கினார்கள். நவம்பர் 12-ஆம் தேதி போலீசார் பிடிக்கும் வரையில், இடம் மாற்றி இடம் மாற்றி அது பேசியது.

ஒரு செய்தியைத் தேசத்துக்குச் சொல்வதற்கு அன்று ஒருவர் ரயிலிலிருந்து பாதி வழியில் இறங்கி ஒளிய வேண்டியிருந்தது. ஒரு பெண் சிறை செல்ல வேண்டியிருந்தது. எழுபத்தேழு வருஷம் கழித்து, காமராஜர் ஒளிந்த அதே ராணிப்பேட்டையில், ஒரு கல்லூரிக் கட்டிடத்தில், வேலூர் ஜனங்களின் ஓட்டைப் பகிரங்கமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாமோ அரை மணி நேரம் செய்தி வராததற்குச் சலித்துக்கொண்டிருந்தோம்.

எதிர்வண்டி தடதடவென்று கடந்து சென்றது. நம் வண்டி நகர்ந்தது. சித்தூரை நெருங்கும்போது பெட்டியில் இருந்த கைப்பேசிகள் எல்லாம் ஒரே சமயத்தில் கிணுகிணுத்தன.

வாலிபர் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியை உபாத்தியாயரிடம் நீட்டினார். குன்றுகளுக்கு நடுவே நாம் நின்ற நேரத்தில் கணக்குத் திரும்பிவிட்டது. கதிர் ஆனந்த் முன்னே சென்றுவிட்டார்.

உபாத்தியாயர் துள்ளிக் குதிக்கவில்லை. "இன்னும் சுற்றுகள் இருக்கின்றன, தம்பி. நான் சொன்னது எனக்கும் பொருந்தும்" என்றார். வாலிபர் மிச்சமிருந்த பால்கோவாவை அவர் கையில் வைத்தார். "இதை நீங்களே முடித்துவிடுங்கள், ஸார். யார் வாங்கினாலும் இனிப்பு இனிப்புத்தானே!" என்றார். அந்தச் சொல்லுக்காக அந்தப் பிள்ளைக்கு இன்னொரு ஓட்டுக் கொடுக்கலாம் என்று நமக்குத் தோன்றிற்று.

"காட்பாடி?" என்றாள் ஜன்னலோரத்துத் தாய்.

"அடுத்தது காட்பாடிதான், அம்மா" என்றார் வியாபாரி. இறங்கும்போது அவளுடைய தகரப் பெட்டியைத் தம் தோளில் வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டுத்தான் அவர் ஆம்பூர் வண்டியைத் தேடிப் போனார்.

அமிர்தியில்

அமிர்தி, வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலை அங்கே சமவெளியைத் தொடுகிறது. காட்டாறும் அருவியும் உண்டு. வனத்துறையார் 1967-இல் ஏற்படுத்திய சிறிய மிருகக்காட்சிசாலையில் மான்களையும் மயில்களையும் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் வருகிறார்கள். பஸ் காட்டுக்குள் நுழைந்ததும் நம் கைப்பேசி மறுபடி ஊமையாயிற்று.

அத்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "முடிவு என்ன?" என்றார். "நாம் காட்பாடியில் இறங்கியபோது..." என்று தொடங்கினோம். "அது பழைய செய்தி. சாயங்காலம் ஆகாசவாணி சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார்.

அத்தானின் டிரான்ஸிஸ்டர் முப்பது வருஷத்துப் பழசு. சாயங்காலச் செய்தி நேரத்தில் அதைத் திண்ணையில் வைத்துத் திருகினார். அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பேர் வந்து அமர்ந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் அமிர்தியைச் சேர்ந்தவர் அல்லர். பீஞ்சமந்தைப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து, தம் மகளைக் கொடுத்த இடத்தைப் பார்க்க வந்தவர். மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் மலையாளிகள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஆதிக்குடியைச் சேர்ந்தவர்.

செய்தி வந்தது. கதிர் ஆனந்த் பெற்றவை 4,85,340 ஓட்டுகள். சண்முகம் பெற்றவை 4,77,199. வித்தியாசம் 8,141.

பெரியவர் நம் பக்கம் திரும்பி, "அந்தக் கடைசிக் கணக்கை இன்னொரு தரம் சொல்லுங்கள், ஐயா" என்றார். சொன்னோம். "எட்டாயிரத்து நூற்று நாற்பத்தொன்று" என்று அவரும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நாம் ரயில் டிக்கெட்டின் பின்புறத்தில் ஒரு கணக்குப் போட்டோம். தொகுதியில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட சாவடிகள். வித்தியாசத்தைப் பங்கிட்டால் சாவடிக்கு ஐந்தாறு ஓட்டுக்கு மேல் தேறாது. சாவடிக்கு மூன்று பேர் மனம் மாறி அடுத்த சின்னத்தை அழுத்தியிருந்தால் முடிவே மாறியிருக்கும். இதைப் பெரியவரிடம் சொன்னோம்.

"அப்படியானால் எங்கள் வீட்டிலேயே மூன்று ஓட்டு இருக்கிறதே!" என்றார் அவர். அவர் முகத்தில் தோன்றியது சந்தோஷமா, ஆச்சரியமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓட்டுப் பெட்டிக்கு ஜீப் வந்தது, ஐயா. கூட நாலு போலீஸ்காரர்கள், இரண்டு வாத்தியார்கள். நாங்கள் நோயாளியை இறக்க வேண்டுமானால் கம்பில் டோலி கட்டித்தான் தூக்குகிறோம்" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

அன்றைக்கு அந்தச் சொல் நம் மனத்தில் ஆழமாய்ப் பதியவில்லை. நாலு வருஷம் கழித்து, 2023-ஆம் வருஷம் மே மாதத்தில், பத்திரிகையில் ஒரு செய்தி பார்த்தபோது பெரியவரின் முகம் கண்முன் வந்து நின்றது. அதே அணைக்கட்டு வட்டத்தில் அல்லேரி மலைமேல் ஒரு குக்கிராமம். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான பாதை இல்லாமல் தாமதமாகி, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் குழந்தை இறந்துவிட்டது. பிரேத பரிசோதனைக்குப் பிறகு உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் அந்தக் கிராமம் வரையில் போக முடியாமல் நடுவழியில் நின்றுவிட்டது. தாய் அந்தச் சின்ன உடலைக் கையில் ஏந்திக்கொண்டு சுமார் பத்துக் கிலோமீட்டர் மலையேறி நடந்தாள்.

ஜார்க்கண்டுத் தாய் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து தன் பிள்ளையை வேலூருக்குக் கொண்டுவந்துவிட்டாள். தண்டவாளம் இருந்தது, வண்டி இருந்தது, பெட்டி தூக்க ஒரு வியாபாரி இருந்தார். வேலூர் ஜில்லாவிலேயே பிறந்த குழந்தைக்கு வேலூர் எட்டாத் தொலைவாயிற்று. தூரத்தைக் கிலோமீட்டரால் அளந்தால் போதாது என்பதை நாம் அன்றைக்குத்தான் உணர்ந்தோம்.

ஓட்டு எண்ணிக்கையை ஓடும் ரயிலில் கேட்பது ஒரு சுகந்தான். அதை நாம் மறுக்கவில்லை. அடுத்த தேர்தலிலும் கேட்போம், பால்கோவாவும் வாங்குவோம். ஆனால் "முன்னிலை", "பின்னடைவு" என்று கைப்பேசி கூவும்போது, அந்த எண்களுக்குள்ளே ஜீப் நின்ற இடத்துக்கு மேல் நடந்து போய் வாங்கி வந்த ஓட்டுகளும் இருக்கின்றன என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வோம். அவர்களுடைய ஓட்டைக் கீழே கொண்டுவர நமக்கு வழி தெரிந்திருக்கிறது. அதே வழியில் அவர்களுடைய நோயாளிகளையும் பத்திரமாகக் கீழே கொண்டுவரும் வரையில், அந்தத் தேர்தலின் முடிவு முழுவதும் வெளியாகிவிட்டதாக நாம் எண்ணுவதற்கில்லை.

மறுநாள் அதிகாலையில் பெரியவர் ஊருக்குப் புறப்பட்டார். அத்தான் அவருக்குக் காபி கொடுத்தார். ஒரு மூட்டை அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் பஸ் வரும் திசையை நோக்கி நடந்தார். பஸ் போகிற மட்டும் பஸ்ஸில் போவார். அதற்கு மேல் நடக்க வேண்டும்.